24 பாட்டிலா, 6 ட்யூபா: அக்ரிலிக் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

போன மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து மதினி பேசினார். பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்க வெளியூர் போய்விட்டார்கள், மத்தியானத்துக்கு மேல் வீடு வெறிச்சென்று கிடக்கிறது, படம் வரையப் பழகலாமா என்று யோசிக்கிறேன் என்றார். "கையில 2,000 ரூவா ஒதுக்கி வச்சிருக்கேன். கடையில 24 கலர் உள்ள டப்பா ஒண்ணு காட்டுதான், பெரிய கேன்வாஸும் சேர்த்துத் தாரேங்கான். வாங்கட்டா, இல்ல வேற எதுவுமா? நீதான் வரையுதியே, சொல்லு."

போனில் பத்து நிமிஷம் பேசினேன். வைத்த பிறகுதான் சொல்லாமல் விட்டது நிறைய என்று தோன்றியது. நான்கு வருஷத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் நானும் அதே மாதிரி ஒரு டப்பாவும், இரண்டடிக்கு மூன்றடி கேன்வாஸும் வாங்கி வந்தவள். அந்தக் கேன்வாஸில் முதல் தீற்றலை வைக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது. இவ்வளவு விலை கொடுத்ததைக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். அதற்குள் பாட்டில்களில் பாதி காய்ந்து கட்டியாகிவிட்டன. மதினிக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

முதலில் அக்ரிலிக்தானா என்பதை முடித்துவிடுவோம். பள்ளிப் பிள்ளைகளின் போஸ்டர் கலர் மலிவு. ஆனால் காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும், மேலே இன்னொரு நிறம் பூசப்போனால் அடியில் உள்ளது கிளம்பி வந்து கலங்கும். வாட்டர்கலர் அழகு, ஆனால் அதில் வெள்ளை என்பது நாம் பூசாமல் விட்ட காகிதம்தான். எங்கே விடவேண்டும் என்று தொடங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆயில் பெயின்ட் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும், ஆற அமர வேலை செய்யலாம். ஆனால் டர்பன்டைன் வாடை சின்ன வீட்டில் சாப்பாட்டு வேளை வரைக்கும் கூட வரும். அக்ரிலிக்குக் குழாய்த் தண்ணீர் போதும். தப்பாகப் போனால் அரைமணி நேரம் காயவிட்டு அதன் மேலேயே பூசிக்கொள்ளலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு இந்தத் தைரியம் பெரிது. அதனால் அக்ரிலிக்தான், இதில் எனக்கு இரண்டு யோசனை இல்லை.

ஒரே ஒரு குணத்தை மட்டும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். அக்ரிலிக் பெயின்ட் என்பது அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் நுண்துளிகள் மிதக்கும் நீரில் நிறப்பொடியைக் குழைத்தது. நீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, பொடியைத் தனக்குள் பிடித்துக்கொண்டு ஒரு தோல் மாதிரி ஆகிவிடும். பிறகு தண்ணீருக்குக் கரையாது. ஈரமாக இருக்கும்போது அந்த நீர்மம் பால் போல வெளுப்பாக இருக்கிறது, காயும்போது தெளிந்துவிடுகிறது. அதனால்தான் தட்டில் கலந்தபோது இருந்ததைவிடக் காய்ந்த நிறம் ஒரு சாயல் இருட்டாகத் தெரியும். கலந்ததும் ஒரு துண்டுத் தாளில் தீற்றி, ஃபேனுக்கு அடியில் காட்டிப் பார்த்துவிட்டுப் பூசினால் ஏமாற்றம் இருக்காது.

இப்போது அந்த 24 பாட்டில். கடைகளில் டப்பாவாகக் கிடைக்கிற சின்ன பாட்டில்கள் பெரும்பாலும் துணியில் வரைவதற்கான அக்ரிலிக். ஃபெவிக்ரில் மாதிரி 15 மில்லி பாட்டில்களைச் சொல்கிறேன். துணி மடங்கும்போது வெடிக்காத மாதிரி நெகிழ்வாக, பூச இலகுவாகத் தயாரித்தவை. சேலையில் கொடி போட, தலையணை உறையில் பூ வரைய, கொலுவுக்கு மண் பொம்மை தீட்ட அவைதான் சரி. மதினி அதற்குக் கேட்டிருந்தால் நானே அந்த டப்பாவை வாங்கச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கேட்டது படம் வரைய. அட்டையிலோ கேன்வாஸிலோ பூசும்போது என் பாட்டில் மஞ்சள் அடியில் இருந்த பென்சில் கோட்டைக்கூட மறைக்கவில்லை. மூன்று பூச்சு வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய குறை வேறு. 24 நிறம் என்றால் 24 நிறப்பொடி இல்லை. ஸ்கை ப்ளூ என்பது நீலத்தில் வெள்ளை கலந்தது. லீஃப் கிரீன், பீச், வயலெட் எல்லாம் கம்பெனியே கலந்து வைத்தவை. ஏற்கெனவே இரண்டு மூன்று பொடி கலந்த ஒன்றோடு அதே மாதிரி இன்னொன்றைச் சேர்த்தால் குளத்துச் சேறு நிறம்தான் வரும். இன்னொரு பக்கம், பச்சை வேண்டுமென்றால் பச்சை பாட்டிலைத் திறக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அம்பையைச் சுற்றி எத்தனை பச்சை இருக்கிறது! பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவியிருக்கும்போது ஒரு பச்சை, கதிர் வாங்கும்போது ஒரு பச்சை, வாய்க்கால் கரை வாழைக்கு ஒன்று, பனைக்கு ஒன்று. பாட்டில் பச்சைக்கு இதில் ஒன்றும் தெரியாது.

அதனால் நான் சொல்வது 6 ட்யூப். டைட்டானியம் வெள்ளை, லெமன் யெல்லோ, கிரிம்சன், அல்ட்ராமரீன் நீலம், தாலோ நீலம், பர்ன்ட் சியன்னா. கேமல் போன்ற நம்மூர்க் கம்பெனிகளின் 40 மில்லி ட்யூப் போதும். வெள்ளை மட்டும் 120 மில்லி வாங்கவேண்டும், ஏனென்றால் வானம், வெளிச்சம், சுவர் எல்லாவற்றுக்கும் வெள்ளைதான் முதலில் தீரும். இந்த வெள்ளையின் மூலப்பொருளான டைட்டானியம், நம் தெற்குக் கடற்கரைக் கருமணலில் கிடக்கிற இல்மனைட் என்ற தாதுவிலும் இருக்கிறது. ட்யூபைப் பிதுக்கும்போது எனக்கு உவரிக் கடற்கரை ஞாபகம் வரும்.

இரண்டு நீலம் எதற்கு என்று மதினியும் கேட்டார். அல்ட்ராமரீன் கொஞ்சம் ஊதாப் பக்கம் சாய்ந்த நீலம். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் லாபிஸ் லசூலி என்ற விலை உயர்ந்த நீலக்கல்லை இடித்துத்தான் எடுத்தார்கள்; பிரான்ஸில் 1820களில் செயற்கையாகச் செய்யும் வழி கண்ட பிறகுதான் மலிவானது. வெள்ளை வேட்டிக்குப் போட்ட பழைய நீலப்பொடியும் இந்த அல்ட்ராமரீன்தான். இதோடு லெமன் யெல்லோ சேர்த்தால் சற்று மங்கிய, காய்ந்த பச்சை கிடைக்கும். துளி பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் பனை ஓலை நிறம். நாற்றங்கால் பச்சை இதில் வரவே வராது. அதற்குத்தான் தாலோ நீலம். அது பச்சைப் பக்கம் சாய்ந்தது, வீரியம் மிக அதிகம். மஞ்சளில் கடுகளவு தொட்டுச் சேர்த்தால் போதும். நீலத்தில் மஞ்சளைச் சேர்த்துக்கொண்டே போனால் ட்யூப் பாதி காலியாகிவிடும். எப்போதும் வெளிறிய நிறத்தில் கடுமையானதைச் சேர்க்கவேண்டும்.

பர்ன்ட் சியன்னா இரும்பு ஆக்சைடு, அதாவது செம்மண்ணின் சிவப்பு. திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டு மணலும் இரும்பு ஆக்சைடால்தான் அப்படிச் சிவந்திருக்கிறது. அதனால் நம் ஊர் மண்ணை வரைய இந்த ஒரு ட்யூபில் கொஞ்சம் மஞ்சளோ கிரிம்சனோ சேர்த்தால் போதும். அல்ட்ராமரீனில் நிறைய வெள்ளையும் துளி சியன்னாவும் சேர்த்துப் பாருங்கள். அம்பையில் மாடியில் நின்றால் மேற்கே தெரிகிற பொதிகை மலையின் நீலம் அப்படியே வரும். அந்தத் துளி சியன்னா இல்லாவிட்டால் மலை பிளாஸ்டிக் மாதிரி இருக்கும்.

குறைந்த நிறத்தில் என்ன செய்துவிட முடியும் என்று சந்தேகம் வந்தால் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயிலின் சுவரோவியங்களை நினைத்துக்கொள்ளலாம். அம்பையிலிருந்து தூரமில்லை. கோபுரத்தின் உள்நிலைகளில் சுவர் முழுக்கப் படம். அத்தனை கூட்டமும், குதிரையும், கப்பலும் மண்ணிலும் கல்லிலும் கிடைத்த சில நிறங்களில் எழுந்தவைதான்.

ட்யூபிலும் தரம் உண்டு: மாணவர்களுக்கானது, ஓவியர்களுக்கானது, அப்புறம் வெளிநாட்டுச் சரக்கு. விலை ஏற ஏற நிறப்பொடி அதிகம், அவ்வளவுதான். முதல் வருஷத்துக்கு விலை உயர்ந்தது வேண்டாம்; பிதுக்கவே மனசு வராது. ஆனால் லேபிளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். பெயருக்குப் பின்னால் 'ஹியூ' என்று இருந்தால் அந்தப் பெயருள்ள பொடி இல்லாமல் அதே சாயலில் வேறு பொடி போட்டது என்று அர்த்தம். மோசமில்லை, தெரிந்து வாங்கினால் சரி. சின்ன எழுத்தில் குறியீடு ஒன்றும் இருக்கும்: பிடபிள்யூ 6 டைட்டானியம் வெள்ளை, பிபி 29 அல்ட்ராமரீன், பிபி 15 தாலோ நீலம். ஒரே ஒரு குறியீடு உள்ள ட்யூப் கலப்பதற்கு நல்லது. மூன்று குறியீடு இருந்தால் அதையும் கம்பெனி கலந்திருக்கிறது.

இனி எதன்மேல் வரைவது. இதில் எனக்கு அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. முதல் 30 படத்துக்குக் கேன்வாஸ் வாங்காதீர்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ் பார்க்க ஆசையாக இருக்கும். விலையும் அந்த ஆசைக்குத் தகுந்தபடி இருக்கும். பழகும் கை பத்துப் படத்தில் ஒன்பதைக் கெடுக்கும், கெடுக்கத்தான் வேண்டும். கேன்வாஸ் ஒட்டிய அட்டை கொஞ்சம் மலிவு, அதுவும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள காகிதம் நல்ல நடுவழி: சுருளாது, அடுக்கி வைக்கலாம், ஒரு தாளை நான்காகக் கிழித்தால் நான்கு படம்.

அதையும்விட நல்ல பொருள் வீட்டிலேயே இருக்கிறது. தினசரி காலண்டர் அட்டை. நகைக்கடை, ஜவுளிக்கடை, மளிகைக்கடை என்று வருஷத்துக்கு நான்கைந்து வீட்டுக்கு வரும், தை பிறந்ததும் பழையதைப் பரணில் போட்டுவிடுவோம். சிவகாசியில் அச்சாகி வருகிற அந்த அட்டை கெட்டி. மேலே உள்ள தகரப் பட்டியைக் கழற்றி, பின்பக்கம் ஜெஸ்ஸோ, அதாவது பெயின்ட் பிடிப்பதற்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு, இரண்டு பூச்சு குறுக்கும் நெடுக்குமாகப் பூசினால் அருமையான தளம். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அட்டை வில் மாதிரி வளையும், அதனால் படம் உள்ள பக்கத்திலும் ஒரு பூச்சு கொடுத்துவிட வேண்டும். சாமி படம் இருந்தால் மேலே பூச மனசு வராது, எனக்கும் வராது. கடைப் பெயர் மட்டும் உள்ள காலண்டர்களை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். இந்த அட்டை காலப்போக்கில் பழுப்பேறும், பத்திரப்படுத்தும் படத்துக்கு ஆகாது. பழகுவதற்கு இதைவிட நல்லது நான் பார்க்கவில்லை.

காலண்டர் என்றதும் கோவில்பட்டி கொண்டையா ராஜூவைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1898இல் பிறந்து 1976 வரை வாழ்ந்தவர். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வங்கள்தான் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளின் சுவரில் ஏறின. பெரிய ஊருக்குப் போனால்தான் படம் வரும் என்று நினைக்கிறவர்களுக்கு அவர் பேரை ஞாபகப்படுத்துவேன்.

ஜெஸ்ஸோவுக்குப் பதில் வெள்ளைப் பசையில் சாக்பீஸ் பொடியைக் குழைத்துப் பூசலாம் என்று சொல்வார்கள். நான் செய்து பார்த்தேன். அந்தப் பசை ஈரம் பட்டால் இளகுகிறது, மேலே தண்ணீர் கலந்து பூசும்போது அடித்தளம் பிய்ந்து வந்தது. ஒரு சின்ன டப்பா ஜெஸ்ஸோ பத்துப் பதினைந்து அட்டைக்கு வரும். இதில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

தூரிகைக்கு நைலான் போதும். தட்டையானது ஒன்று 10ஆம் நம்பர், இன்னொன்று 6, உருண்டை 4. பெரிய பரப்புக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஒரு அங்குல பெயின்ட் பிரஷ். அதிகம் வாங்கவேண்டாம், ஆனால் காயவிடக் கூடாது. காய்ந்த அக்ரிலிக் தூரிகையிலிருந்து போகவே போகாது. வேலை நடக்கும்போது தண்ணீரில் படுக்கவைத்து, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட நம் ஊரில் யோசிக்க வேண்டியது வெயிலும் காற்றும். பாடம் சொல்லித்தரும் வீடியோக்களில் தட்டில் பிதுக்கிய பெயின்ட் ஒருமணி நேரம் அப்படியே இருக்கும். சித்திரை, வைகாசியில் பாளையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பாருங்கள், கலந்து முடிப்பதற்குள் ஓரம் தோல் கட்டிவிடும். ஆனி, ஆடியில் மேகாற்று அடிக்கும்போதும் இதே கதை. குற்றாலம், தென்காசிப் பக்கம் சாரல் விழுகிற நாளில் அதே பெயின்ட் நிதானமாகக் காயும். என் கை சரியில்லை என்று நினைத்து நான் வருந்திய பல நாட்கள், உண்மையில் காற்று சரியில்லாத நாட்கள்.

இதற்கு மூன்று வழி சொல்வார்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் என்ற திரவத்தைக் கலப்பது ஒன்று. அளவு மீறினால் படம் பிசுபிசுவென்றே நிற்கும், புதியவருக்கு அந்த அளவு பிடிபடாது. தண்ணீரை அதிகம் சேர்ப்பது இன்னொன்று. அதிகம் நீர்த்தால் பொடியைப் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் போதாமல், காய்ந்த பிறகு துடைத்தால் நிறம் கையோடு வரவும் கூடும். நான் பிடித்துக்கொண்டது ஈரத் தட்டு. மூடி உள்ள தட்டையான டிபன் டப்பாவில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை மடித்துப் போட்டு, அதன் மேல் பட்டர் பேப்பரை விரித்து, பெயின்ட்டை அதில் வைத்துக் கலப்பது. அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் பயன்படும். துணி தேய்க்கத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இரண்டும் வீட்டில் உள்ள சாமான், செலவே இல்லை. காலை ஆறிலிருந்து எட்டு வரை வரைய முடிந்தால் இன்னும் சுகம். மதினிக்கு மத்தியானம்தான் நேரம் என்பதால் ஈரத் தட்டு கட்டாயம்.

வெயிலால் இன்னொன்றும் நடக்கும். அக்ரிலிக் சூட்டில் இளகும். முடித்த படங்களை முகத்தோடு முகம் வைத்து அடுக்கினால் மே மாதத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தபோது என் படம் ஒன்றின் வானம் மற்றொன்றின் மேல் வந்துவிட்டது. இடையில் பட்டர் பேப்பர் வைத்து, நிறுத்தி வைப்பதே நல்லது.

தூரிகை கழுவிய தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அம்பையில் ஆற்றங்கரை பக்கமோ, திருநெல்வேலி குறுக்குத்துறை மாதிரிப் படித்துறைகளிலோ உட்கார்ந்து வரைய எல்லோருக்கும் ஆசை வரும். வரையுங்கள். ஆனால் தூரிகையைத் தாமிரபரணியில் அலசாதீர்கள். அது பிளாஸ்டிக், அந்தத் தண்ணீரைத்தான் கீழே எத்தனையோ ஊர் குடிக்கிறது. பழைய துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, கழுவிய தண்ணீரைப் பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவந்து தெளியவைத்து, அடியில் படிந்ததைக் காயவிட்டுக் குப்பையில் போடவேண்டும்.

வகுப்புக்குப் போகலாமா, வீடியோ பார்த்துப் பழகலாமா? நான் இரண்டும் செய்தேன். ஒரு வகுப்பில் மூன்று மாதமும் அச்சடித்த படத்தைக் கட்டம் போட்டுப் பார்த்து வரையச் சொன்னார்கள். கடைசியில் வெளிநாட்டு ஏரி ஒன்று என் கையில் இருந்தது, நிறம் கலக்கத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று "இந்த நிழலில் நீலம் தெரியுதா, பாரு" என்று சொல்லும் ஆசிரியர் கிடைத்தால் ஒரு மாதம் போவது ஒரு வருஷ வீடியோவுக்குச் சமம். கிடைக்காவிட்டால், வீட்டில் உள்ள ஒரே பொருளை, ஒரு மண்சட்டியோ இரண்டு கத்தரிக்காயோ, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து ஐந்து அட்டையில் ஐந்து முறை வரையுங்கள். முதல் இரண்டும் பர்ன்ட் சியன்னாவும் வெள்ளையும் மட்டும். வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்பது புரிந்த பிறகு மற்ற ட்யூபைத் திறக்கலாம்.

மதினியின் 2,000 ரூபாயில் பாதிக்கு மேல் ட்யூபுக்கு, மிச்சத்தில் தூரிகை, ஜெஸ்ஸோ, கொஞ்சம் கனமான காகிதம் என்று பிரித்துக் கொடுத்தேன். அந்த ஊர்க் கடையில் தனி ட்யூப் எல்லா நிறமும் இல்லை. நான்கு கிடைத்தது, தாலோ நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் ஆன்லைனில் வரவழைத்தார். கடையில் வாங்கும்போது மூடியைத் திறக்காமலே ட்யூபை லேசாக அமுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தேன், உள்ளே கட்டி தட்டுப்பட்டால் வாங்க வேண்டாம் என்று.

போன ஞாயிற்றுக்கிழமை நான்கு காலண்டர் அட்டையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். மூன்றில் கத்தரிக்காய். நான்காவதில் வீட்டுப் பின்னால் உள்ள வயல். பச்சை சரியாக வந்திருந்தது, வரப்பு நிழல்தான் வெளிறியிருந்தது. "கறுப்பு ஒண்ணு வாங்கிக்கிடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் மதினி, அல்ட்ராமரீனும் சியன்னாவும் சரிபாதி எடுத்து வெள்ளை சேர்க்காமக் கலந்து பாருங்க, கிட்டத்தட்ட கறுப்பு வரும், அதுல உங்க வயல் நிழலும் இருக்கும் என்றேன்.